அந்த மூன்று மில்லிமீட்டர்
ஃபெண்டரின் பிரசிஷன், ஜாஸ் என்ற இரண்டு பேஸ் கிட்டார் மாடல்களும் 34 அங்குல ஸ்கேல்தான் (அதிரும் கம்பியின் நீளம்), அதனால் கைக்கு வித்தியாசம் தெரியாது என்று இவற்றை ஒப்பிடும் இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நீளம் ஒன்றுதான், சரி. ஆனால் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) அகலம் ஜாஸில் சுமார் 38 மி.மீ., பிரசிஷனில் பெரும்பாலும் 41க்கு மேல். என் விரல்கள் குட்டை; நட்டை ஒட்டிய முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள்) ஒரு மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டு அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும். அப்புறம், ஜாஸில் உள்ள இரண்டு பிக்கப்புகளில் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) ஒன்றின் ஒலியை மட்டும் திறந்தால் இரைச்சல் வரும் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருப்பது உண்மை. இரண்டையும் சம அளவில் வைத்தால் அடங்கிவிடும். 1957-இல் பிளவு பிக்கப் (இரண்டு துண்டாகப் பிரிந்தது) வந்ததிலிருந்து பிரசிஷனில் அந்தத் தொல்லை கிடையாது. ஆனாலும் நான் ஜாஸைத்தான் எடுத்தேன். கடைக்குப் போனால் வாரை மாட்டி நின்றபடி, முதல் ஃப்ரெட் பக்கமே கால் மணி நேரம் வாசித்துப் பாருங்கள்.