முதல் நாளே காயத்தைப் பதிவு செய்யுங்கள்

காவல் நிலையத்தில் அடிபட்டால் என்ன செய்வது என்று எழுதப்பட்ட ஒரு கட்டுரை, "உடனே மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்புங்கள்" என்பதோடு முடிந்துவிடுகிறது. புகாருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. காயத்துக்கு அது கிடையாது. கன்றிய இடம் சில நாளில் நிறம் மாறி மங்கிவிடும், பிறகு "கீழே விழுந்தார்" என்பார்கள்.

கைதானவரை மருத்துவர் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 53-வது பிரிவு. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். வெளியே வந்தவர் என்றால் அன்றே தருமபுரி அரசு மருத்துவமனையிலோ, அரூர், பென்னாகரத்தில் இருப்பவர் அங்குள்ள அரசு மருத்துவமனையிலோ போய், யார், எந்தப் பொருளால் அடித்தார்கள் என்று ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பயத்தில் "வண்டியில் விழுந்தேன்" என்று சொன்னால் வழக்கு அங்கேயே பாதி போய்விடும். ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு வாங்க, கொண்டுபோனால் மாஜிஸ்திரேட்டிடம் சட்டையைக் கழற்றியே காட்டுங்கள்.

அடுத்தது காவல் நிலையத்தில் உள்ள கண்காணிப்புக் கேமரா. பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "கேமரா வேலை செய்யவில்லை" என்ற பதில் வருமுன், தேதியும் நேரமும் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.) பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

வழக்கு எவ்வளவு இழுக்கும் என்பதற்கு வாச்சாத்தியே போதும், அது நம் தருமபுரி மாவட்டம்தானே. 1992 ஜூனில் அந்தப் பழங்குடி கிராமத்தில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த் துறையினரும் நடத்திய கொடுமைக்கு 2011-இல்தான் 215 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள்.