அப்பா துபாயில் இல்லை

“செய்யுறதையும் செஞ்சுட்டு உள்ள போனவனுக்குப் பிள்ளையக் கொண்டுபோய்க் காட்டுறதெல்லாம் ஒரு சேவையா?”

போன முகூர்த்தத்தில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். மதுரை மத்திய சிறைக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகிறேன் என்று தெரிந்ததும் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான். பதில் சொல்ல வாயெடுத்தேன், ரசம் வந்துவிட்டது. அதனால் இங்கே சொல்கிறேன்.

அவருக்குப் பிள்ளையைக் காட்டவில்லை ஐயா. பிள்ளைக்கு அப்பாவைக் காட்டுகிறேன். அப்புறம், அந்த ‘செஞ்சுட்டு’ என்பதையும் அவ்வளவு அடித்துச் சொல்ல முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் 75 சதவீதத்துக்கும் மேல் விசாரணைக் கைதிகள். வழக்கு முடியவில்லை, வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் பிள்ளை இரண்டு வகுப்பு தாண்டிவிடுகிறது.

நாங்கள் ஐந்தாறு பேர். சங்கம், பேனர் எதுவும் இல்லை. அரசரடியில் இருக்கும் அந்தச் சிறையின் வாசலில், கைதிகளைப் பார்க்க வருவதற்குப் பெயர் ‘மனு’. “மனு பாக்க வந்தீகளா?” என்றுதான் வரிசையில் விசாரிப்பார்கள். ஒரு குழந்தை மனு பார்க்க வர வேண்டுமென்றால் கூட ஒரு பெரியவர் வேண்டும், ஆதார் வேண்டும், பஸ் காசு வேண்டும், பள்ளியில் லீவு சொல்ல வேண்டும். இதில் எது இடிக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்வோம். அவ்வளவுதான் வேலை. பாதி நேரம் வெளியே செருப்பையும் போனையும் காவல் காப்பதிலேயே போய்விடும்.

செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பத்தாவும் மூன்றாம் வகுப்புப் பேத்தியும் வருவார்கள். டவுன் பஸ் என்றால் அப்பத்தாவுக்கு டிக்கெட் கிடையாது, அதற்காகவே எத்தனை நேரமானாலும் காத்திருந்து அதில்தான் ஏறும். ஒருமுறை பாப்பா ரேங்க் கார்டைக் கொண்டுவந்திருந்தாள். இடையில் கண்ணாடி, இரண்டு பக்கமும் ரிசீவர். கார்டைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். அந்தப் பக்கம் அப்பா கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தார். கணக்கில் வந்ததும் நின்றுவிட்டார். முகம் மாறியது. ரிசீவரில் என்ன சொன்னாரென்று எனக்குக் கேட்கவில்லை. பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். சரி, பிள்ளையை அழவைத்துவிட்டார், இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். வெளியே வந்து ஆரப்பாளையம் வரை நடக்கிற வழியெல்லாம், எதிரில் வந்த பூக்காரம்மா உட்பட, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள்: “எங்கப்பா என்னைய வஞ்சாரு!”

இன்னொரு வீட்டில் பையனுக்கு அப்பா துபாயில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் ஊர் துபாய்தான், எப்போதாவது சிங்கப்பூர். பத்து வயசுப் பையன் அம்மாவிடம் கேட்டிருக்கிறான், “துபாய்ல இருக்கிற எல்லா அப்பாவும் வாட்ஸப்ல வீடியோ கால் பேசுறாங்க, நம்ம அப்பா மட்டும் ஏன் பேசல?” தெருவில் கபடி விளையாடும்போது எவனோ ஒருவன் போட்டு உடைத்தான். அதை அம்மாவே சொல்லியிருக்கலாம். தெருப்பையன் வாயால் கேட்டபின் அவன் அப்பாவை விட அம்மாவிடம்தான் அதிகம் கோபப்பட்டான்.

நானும் ஒரு சொதப்பல் செய்திருக்கிறேன். ஒரு பையனிடம், “செவ்வாய்க்கிழமை கட்டாயம் பார்க்கலாம்டா” என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிப்போனேன். அன்றைக்கு அவன் அப்பாவைக் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. திரும்பும்போது முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். இப்போதெல்லாம் வக்கீல் குமாஸ்தாவிடம் தேதி கேட்காமல் பிள்ளையிடம் வாயே திறப்பதில்லை.

எல்லாக் குழந்தையையும் கூட்டிப்போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அம்மாவைக் கொன்ற வழக்கில் அப்பா உள்ளே. பிள்ளை அம்மாச்சியிடம் வளர்கிறாள். அவர் கடிதம் மேல் கடிதம் போடுகிறார். எங்களில் ஒருவருக்கு எப்படியாவது சேர்த்துவைத்துவிட வேண்டுமென்று ஆர்வம். அம்மாச்சி ஒரே பேச்சில் நிறுத்திவிட்டது: “கடுதாசிய எரிக்க மாட்டேன் தம்பி. டிரங்குப் பெட்டில போட்டு வச்சிருக்கேன். அவளாக் கேட்டா எடுத்துக் குடுக்குறேன்.” அதற்கு மேல் நாங்கள் பேச என்ன இருக்கிறது? பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் இருந்தால் தமிழக அரசின் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2000 ரூபாய் கிடைக்கும். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த வீட்டில் எங்கள் வேலை அதுதான்.

உள்ளே இருக்கும் அம்மாக்கள் கதை இன்னும் மோசம். 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஆறு வயது வரை பிள்ளையை அம்மா தன்னோடு சிறையில் வைத்திருக்கலாம். ஆறு முடிந்ததும் பிள்ளை வெளியே வந்துவிடும். அதன்பின் கூட்டிவர ஆள் வேண்டுமே! புருஷன் உள்ளே போனால் பொண்டாட்டி சோற்றுக்கு வழியில்லாவிட்டாலும் மனு பார்க்க வந்துவிடுகிறாள். பொண்டாட்டி உள்ளே போனால் புருஷன் வீட்டில் அவள் பெயரையே எடுப்பதில்லை. நான் பார்த்தவரை இப்படித்தான். கோபம் வருகிறது, எழுதினால் நீளும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மூன்று பிள்ளைகள் ரேங்க் கார்டோடு வரக் காத்திருக்கிறார்கள். திருமங்கலம், மேலூர்ப் பக்கம் இருந்து கூட்டிவர ஆள் இல்லை. வார நாளில் அரைநாள் லீவு போட முடிகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், உள்பெட்டிக்கு வாருங்கள். முதல் இரண்டு மாதம் எங்களில் ஒருவர் கூடவே வருவோம். பிள்ளைகளோடு போட்டோ எடுத்துப் போடுகிற ஆசை இருந்தால் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.