பொருள் எண் 31: நிறைவேறியது

சொத்து வரிக்கான குறுஞ்செய்தி வந்ததும் வாசலில் பால்காரப் பையன் விழுந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. சினிமாவில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். 'முதல் அரையாண்டு ரூ.2,258, ஏப்ரல் 30க்குள் செலுத்தினால் 5 சதவீத ஊக்கத்தொகை' என்று படித்துக்கொண்டிருக்கிறேன், வெளியே தடால் என்று சத்தம். ஓடிப் பார்த்தால் வண்டியின் முன்சக்கரம் குழிக்குள், பையன் குழிக்கு வெளியே. உடைந்த பாக்கெட்டுகளிலிருந்து பால் சேற்றோடு கலந்து ஓடுகிறது. முழங்கையைத் துடைத்துக்கொண்டே, "நேத்து வரைக்கும் இந்த எடத்துல ரோடு இருந்துச்சே சார்" என்கிறான். இருந்தது தம்பி. ராத்திரி அரை மணி நேரம் மழை பெய்தது. அவ்வளவுதான்.

அது பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம். தோண்டி ஒன்றரை வருடம் ஆகிறது. குழாயைப் பதித்தார்கள், மேலே மண்ணைத் தள்ளினார்கள், அதன் மேல் ரெண்டு லாரி ஜல்லியைக் கொட்டினார்கள், போனார்கள். கேட்டால், "மண்ணு செட்டில் ஆகணும் சார், அப்புறம்தான் தார் போடணும், இல்லன்னா உள்வாங்கிடும்." நியாயமாகத்தான் பட்டது. மண் இன்னும் செட்டில் ஆகவில்லை. ஒப்பந்ததாரர் செட்டில் ஆகிவிட்டார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'வரியை ஏற்றாதே' என்று கத்துகிற ஆள் இல்லை நான். தமிழ்நாட்டில் சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகும், 2018 வரை சொத்து வரியைப் பொதுவாகத் திருத்தவே இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்பது சட்டத்திலேயே இருந்தது. அந்தக் காலத்தில் பால் விலை எங்கே, இப்போது எங்கே? துப்புரவுப் பணியாளர் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் எல்லாம் ஏறும்போது வரி மட்டும் அப்படியே நிற்க முடியாது. எனக்கும் தெரியும். வருடா வருடம் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. தேர்தல், தேர்தல் என்று பயந்து பயந்து தள்ளிப்போட்டுவிட்டு, ஒரே நாளில் தலையில் இறக்குவதுதான் வழக்கம்.

அப்படி இறக்கிய கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2018 ஜூலையில் அ.தி.மு.க. ஆட்சியில் 50லிருந்து 100 சதவீதம் வரை உயர்த்தினார்கள். தி.மு.க. தெருவுக்கு வந்து ஆர்ப்பாட்டம் செய்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வாசலில் நிற்கும்போது, உயர்வை நிறுத்திவைத்தார்கள். கூடுதலாகக் கட்டியதை அடுத்தடுத்த வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளி, கட்டாமல் இழுத்தவன் கெட்டிக்காரன். அப்புறம் 2022. பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஏப்ரல் 1 முதல் வரி உயர்வு. விரலில் வைத்த மை முழுசாக அழியவில்லை. 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் இன்னும் கூடுதல், 50லிருந்து 150 வரை. இந்த முறை ஆட்சியில் தி.மு.க., தெருவில் அ.தி.மு.க. கோஷம்கூடப் பெரிதாக மாறவில்லை. பழைய பேனர்களைக் கைமாற்றிக்கொண்டிருந்தால் துணிச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

என் வீடு 1,150 சதுர அடி. அரையாண்டுக்கு 1,420 கட்டிக்கொண்டிருந்தேன், 2,130 ஆனது. அதன்மேல் ஒரு 6 சதவீதம், 2,258. இந்த 6 சதவீதம் ஒருமுறையோடு போகிற சமாசாரம் இல்லை. 2023ல் வந்த விதிப்படி வருடா வருடம் 6 சதவீதம், அல்லது மாநிலப் பொருளாதார வளர்ச்சியின் ஐந்து வருடச் சராசரி, இதில் எது அதிகமோ அது. 15வது நிதிக்குழு, சொத்து வரி வசூல் வளர்ச்சிக்கு ஏற்ப ஏறினால்தான் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டிருந்தது. ஏன் ஏற்றினீர்கள் என்று மாநிலத்தைக் கேட்டால் மத்திய அரசைக் கைகாட்டுகிறது. மாநகராட்சியைக் கேட்டால் மாநிலத்தைக் கைகாட்டுகிறது. வார்டு கவுன்சிலரைக் கேட்டால் வானத்தைக் கைகாட்டுகிறார். வருடம் தவறாமல் 6 சதவீதம் வட்டிக்கு வட்டி மாதிரி ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் இரண்டு மடங்கு. என் பென்ஷனை யாராவது இந்தக் கணக்கில் ஏற்றுவார்களா?

சரி, இதையெல்லாம் மன்றத்தில் எப்படித்தான் விவாதிக்கிறார்கள் என்று பார்க்க ஆசை வந்தது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. உங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீதத் தீர்மானம் வந்த கூட்டத்துக்கு, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துப் பார்வையாளர் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

பத்தரைக்கு என்று போட்டிருந்த கூட்டம் பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து. இரங்கல் தீர்மானம். பிறகு ஒருவர் எழுந்து மேயரைப் பாராட்டினார். அடுத்தவர் எழுந்து அமைச்சரைப் பாராட்டினார். மூன்றாமவர் அமைச்சரைப் பாராட்டியவரைப் பாராட்டினார். இதில் முக்கால் மணி நேரம். நடுவில் பிளாஸ்டிக் தட்டில் முந்திரி பக்கோடாவும் மைசூர்பாகும் வந்தன. மேலே உட்கார்ந்திருந்த எங்களுக்கு இல்லை.

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா மட்டும் நன்றாகப் பேசினார். "எங்க வார்டுல போன வருஷம் எவ்வளவு வரி வசூல் ஆச்சு, அதுல எவ்வளவு எங்க வார்டுக்குத் திரும்பி வந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இதுதானே கேள்வி! "உறுப்பினருக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் தரப்படும்" என்றார்கள். மைக் அணைந்தது. (அந்த அம்மா சொந்தமாகப் பேசியதே பெரிய விஷயம். பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்தும், எங்கள் வார்டு கவுன்சிலரின் போனை இன்றுவரை அவர் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார்.)

வரித் தீர்மானம் பொருள் எண் 31. முப்பதாவது பொருள் ஏதோ வாகனத்துக்கு டயர் வாங்கியதற்குப் பின்னேற்பு அனுமதி. முப்பத்திரண்டாவது, பழைய இரும்பு ஏலம். இரண்டுக்கும் நடுவில் ஊரிலுள்ள அத்தனை வீடுகளின் வரி. படிக்க ஆரம்பித்ததும் எதிர்க்கட்சியினர் எழுந்தார்கள். "மக்கள் தலையில் மண்ணைப் போடாதே!" தயாராகக் கொண்டுவந்திருந்த அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள், மேயர் மேசைக்கு முன்னால் போய் நின்றார்கள், போட்டோக்காரர் "அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார், இந்தப் பக்கம் திரும்பினார்கள். வெளிநடப்பு. ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. நிறைவேறியது. கடிகாரத்தைப் பார்த்தேன், மொத்தம் நாலு நிமிடம். கீழே இறங்கி வந்தால், வெளிநடப்புச் செய்தவர்கள் வராண்டாவில் நின்று பக்கோடா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள்.

யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இந்த 6 சதவீதத்தால் வருடத்துக்கு இவ்வளவு லட்சம் கூடும், அதை இந்தத் தெருவுக்கு இந்த மாதம் போடுவோம் என்று சொன்னாரா? எதிர்த்தவராவது, 'ஏற்ற வேண்டாம், அதற்குப் பதில் பெரிய கட்டிடங்களின் பாக்கியை வசூலியுங்கள், இதோ பட்டியல்' என்றாரா? மதுரையில் நடந்ததைப் பார்த்தோமே. வணிகக் கட்டிடங்களின் சொத்து வரியை முறைகேடாகக் குறைத்துக் காட்டியதாக வழக்கு, கைதுகள், 2025ல் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், பிறகு மேயரும் விலகினார். அந்த ஓட்டையை அடைத்தாலே எத்தனை ஊருக்கு எத்தனை தெரு போடலாம்! ஆனால் 1,150 சதுர அடிக்காரன்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறான். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி, இன்னும் தாமதமானால் வாசலில் நோட்டீஸ். அவன் எங்கே போய்விடப்போகிறான்?

பையன் விழுந்த அன்று சும்மா இருக்க முடியவில்லை. நானும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரும் மண்டல அலுவலகத்துக்குப் போனோம். உட்காரச் சொன்னார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. பொறியாளர் தம்பி சின்ன வயசு, நல்லவன் மாதிரிதான் தெரிந்தான். போனில் குழியின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தான்.

"எஸ்டிமேட் போட்டு அனுப்பிட்டோம் சார். ஃபண்டு வரல."

"போன அரையாண்டு வரியைக் கட்டியாச்சேப்பா?" என்றார் வாத்தியார்.

"அது ஜெனரல் ஃபண்டு சார். இது ஸ்கீம் வொர்க்." கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தணித்து, உதவி செய்கிற பாவனையில் சொன்னான். "சீக்கிரம் வேணும்னா ஒரு வழி இருக்கு சார். நமக்கு நாமே திட்டத்துல போட்டுடலாம். தெருக்காரங்க சேர்ந்து மூணுல ஒரு பங்கு கட்டிட்டீங்கன்னா மீதியை கவர்ன்மென்ட் போட்டுடும்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்கு வகுப்பறை, பூங்கா, குளம் தூர்வாருவது, இதற்கெல்லாம் ஊர்க்காரர்கள் கைகொடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் கேட்டது பூங்கா இல்லையே. இருந்த ரோட்டை நீங்கள் வெட்டினீர்கள், அதை மூடிக் கொடுங்கள் என்கிறோம். பாதாளச் சாக்கடை இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டியாயிற்று, இணைப்பு வரவில்லை. சொத்து வரிக்குள்ளேயே தண்ணீர், வடிகால், தெருவிளக்கு, கல்வி என்று பங்கு வைத்து வாங்கியாயிற்று. இப்போது வெட்டிய பள்ளத்தை மூட மூன்றில் ஒரு பங்கு. வரி கட்டியதும் நாங்கள், பங்கு கட்டுவதும் நாங்கள், விழுவதும் நாங்கள். பேர் என்னவோ பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள், நமக்கு நாமே!

எங்கள் தெருவில் பதினாறு வீடு. நாலு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள், அவர்கள் ஏன் தர வேண்டும்? ரெண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், முதியோர் உதவித்தொகையில் மாத்திரை வாங்குகிறார். மிச்சம் இருப்பவர்கள் பங்கு போட்டால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று வாத்தியார் அங்கேயே துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டார். போட்டுவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். என்னிடம் காட்டவில்லை.

திரும்பி வரும் வழியில் கிளை நூலகத்தில் ஏறினோம். வாத்தியார் தினமும் பேப்பர் படிக்கிற இடம். சொத்து வரியோடு நூலக வரியும் ரூபாய்க்குப் பத்து பைசா கட்டுகிறோம், எத்தனை பேருக்குத் தெரியும்? 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, சுதந்திர இந்தியாவிலேயே முதல். பெருமைதான். எங்கள் கிளையில் வரலாறு அலமாரிக்கு மேல் கூரை ஒழுகுகிறது. நூலகர் அதன் மேல் நீல நிறத் தார்ப்பாயைப் போர்த்தி, நாலு மூலையிலும் அகராதி வைத்திருக்கிறார், பறக்காமல் இருக்க. வரி உள்ளாட்சிக்குப் போய், அங்கிருந்து நூலக ஆணைக்குழுவுக்குப் போய், அங்கிருந்து இங்கே வர வேண்டும். எந்த இடத்தில் மாட்டியிருக்கிறதோ. "வந்துரும் சார்" என்கிறார் அவரும்.

இந்த 'வந்துரும்' என்ற ஒரு சொல்லை வைத்தே ஊரை நடத்துகிறார்கள். அடுத்த அரையாண்டு வரி வருமா என்று கேளுங்கள், தேதியோடு சொல்வார்கள்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. வரி ரசீதின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? அதில் அச்சடியுங்கள். உங்கள் வார்டில் வசூல் இவ்வளவு, சம்பளத்துக்குப் போனது இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, ரோட்டுக்கு இவ்வளவு, அல்லது ரோட்டுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றாலும் பரவாயில்லை, அச்சடித்துக் கொடுங்கள். அடுத்த முறை 6 என்ன, 8 கேட்டாலும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன். வார்டு குழு, பகுதி சபை என்று விதியெல்லாம் போட்டீர்களே, அதில் இந்த ஒரு தாளை வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலர் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அண்ணே, போட்டோ இருக்குண்ணே, அனுப்பட்டுமா?" என்றார். அனுப்பினார். ஷாமியானா, மேடையில் எட்டுப் பேர், எதிரே நாற்காலிகள். அதில் பாதிக்கு மேல் காலி. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 29 அன்று வரியைக் கட்டிவிட்டேன். இணையத்தில் ரெண்டு தடவை பணம் போகாமல் சுற்றிக்கொண்டே நின்றது, மூன்றாவது தடவை போய்விட்டது. ஊக்கத்தொகை 113 ரூபாய் கழிந்தது. அதில் ஹார்டுவேர் கடையில் சிவப்புப் பிளாஸ்டிக் நாடா ஒரு சுருள் வாங்கினேன், 80 ரூபாய். வாத்தியார் வீட்டுத் தோட்டத்திலிருந்து நாலு சவுக்குக் கம்பு கொண்டுவந்தார். குழியைச் சுற்றி நட்டுக் கட்டினோம். மறுநாள் காலையில் பால்காரப் பையன் வண்டியை நிறுத்தி, அதைப் பார்த்துவிட்டு, "கார்ப்பரேசன்ல வந்து கட்டிட்டாங்களா சார்?" என்று கேட்டான்.