என்ன, ஆளையே காணோம்?

இரண்டு வருடம் முன்பு படியில் கால் பிசகி விழுந்தேன். கணுக்காலில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. என் கைபேசியில் அறுநூற்றுச் சொச்சம் எண்கள் இருந்தன, வாட்ஸ்அப்பில் பதினான்கு குழுக்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பதறுவார்கள், வந்து நிற்பார்கள், அப்புறம் ஒவ்வொருவருக்கும் விழுந்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்கிற அலுப்பு. கொஞ்சம் வீம்பும்தான்.

ஒன்பதாம் நாள் வாசல் மணி அடித்தது. நொண்டிக்கொண்டு போய்த் திறந்தால், காலை நடையில் எதிர்ப்படும் ஒரு பெரியவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்கும் தெரியாது. தினமும் எதிரெதிரே வருவோம், தலையசைப்போம், அவ்வளவுதான் எங்கள் உறவு.

"என்ன தம்பி, ஒரு வாரமா ஆளையே காணோம்?"

வீட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "நீங்க எந்தத் தெருவுல திரும்புவீங்கன்னு தெரியும். அங்க வந்து, உயரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு, எதுக்கோ கோபமா இருக்கிற மாதிரி நடப்பாரேன்னு நாலு வீட்டுல விசாரிச்சேன்" என்றார். நான்காவது வீட்டில் உடனே சொல்லிவிட்டார்களாம்.

இலங்கைத் தமிழில் ஒரு கூட்டத்துக்கு வருவதைச் 'சமூகமளித்தல்' என்பார்கள். வராதவர் 'சமூகமளிக்கவில்லை'. பழைய கடிதங்களில் 'தங்கள் சமூகத்திற்கு' என்று எழுதினால் தங்கள் முன்னிலைக்கு என்று பொருள். மக்கள் திரள் என்ற பொருளும் நேரில் இருத்தல் என்ற பொருளும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்திருக்கின்றன. வேர்ச்சொல் இரண்டுக்கும் வேறாக இருக்கலாம், மொழியறிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு அந்தச் சேர்க்கை பிடித்திருக்கிறது. பதினான்கு குழுக்களிலும் நான் உறுப்பினர்தான். நான் சமூகமளிக்காததைக் கவனித்தது பெயர் தெரியாத ஒருவர்.

இப்படிக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலை பெரிய சாட்சி. ஒரே வாரத்தில், வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்துபோனார்கள். நிறையப் பேர் முதியவர்கள், தனியாக இருந்தவர்கள், பூட்டிய கதவுக்கும் சாத்திய ஜன்னலுக்கும் பின்னால் வெந்து போனவர்கள். எரிக் க்ளினன்பர்க் என்ற சமூகவியலாளர் அந்த வாரத்தைப் பல வருடம் தோண்டித் துருவினார். அதில் ஒட்டியொட்டி இருக்கும் இரண்டு பகுதிகளைப் பற்றி அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல். அதே வெயில். வறுமையிலும், தனியாக வாழும் முதியவர்களின் அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வடக்கில் ஒரு லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கில் 4 பேர்.

பத்து மடங்கு! தெற்கில் இருந்தவர்கள் மட்டும் அன்பானவர்கள், வடக்கில் இருந்தவர்கள் கல்நெஞ்சர்கள் என்றெல்லாம் இல்லை. தெற்கில் தெரு உயிரோடு இருந்தது. கடைகள், நடைபாதையில் ஜன நெரிசல். ஒரு கிழவர் வெளியே இறங்க அங்கே காரணம் இருந்தது, இறங்கினால் பார்க்க நாலு பேர் இருந்தார்கள். வடக்கில் தொழிற்சாலைகளும் கடைகளும் மூடிப்போய், கட்டடங்கள் பாழடைந்து, மனைகள் காலியாகக் கிடந்தன. குற்றங்களுக்குப் பயந்து மக்கள் உள்ளேயே அடைந்து கிடந்தார்கள். ஆக, அக்கம்பக்கம் என்பது மனிதர்களின் குணத்தில் மட்டும் இல்லை, நடைபாதையிலும் இருக்கிறது. ஊரைத் திட்டமிடுகிறவர்கள் கடைத்தெருவையும் உட்காரும் திண்டையும் எடுத்துவிட்டு வாகன நிறுத்தம் கட்டும்போது, யார் யாரைப் பார்க்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியுமா என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட வெப்ப அலை எல்லாம் எப்போதோ வருவது, தினசரி வாழ்க்கையில் என்ன என்று கேட்கலாம். அதற்கும் கணக்கு இருக்கிறது. கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் சுமார் 6,900 பேரை ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்து, லிசா பெர்க்மன், லெனார்ட் சைம் இருவரும் 1979ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனித உறவு குறைந்தவர்கள் அந்தக் காலத்தில் இறந்த வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். புகை, குடி, உடம்பு நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. பிறகு 2018ல் பிரிட்டன் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது, 2021ல் ஜப்பானும். நியமிக்கட்டும். அமைச்சர் வந்து மணி அடிக்கப்போவதில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், வர வேண்டியதுதான். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று பயந்து பயந்தே பாதி வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சமூகம் என்ற சொல்லைக் கேட்டாலே மூச்சு முட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். யாருக்கும் நம்மைத் தெரியாது என்பதற்காகவே பெருநகரத்துக்கு ஓடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அப்படி ஓடியவன்தான்.

ஆனாலும் அந்த நாலு பேரின் கண்ணுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1995 ஜனவரி 17 விடிகாலையில் ஜப்பானின் கோபே பகுதியைப் பூகம்பம் உலுக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பூகம்ப மையத்துக்கு மிக அருகே, அவாஜி தீவில், ஹொகுடான் என்ற சின்ன ஊர். அங்கே சுமார் 300 பேர் இடிந்த வீடுகளுக்குள் சிக்கினார்கள். அன்று மாலைக்குள் தேடும் வேலை முடிந்துவிட்டது. எப்படி? யார் வீட்டில் எந்த அறையில் யார் படுப்பார்கள் என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் தோண்டினார்கள்.

இதை முதலில் படித்தபோது சிலிர்த்தது. அடுத்த நொடியே, "ஐயோ, எந்த அறையில் தூங்குகிறேன் என்று ஊருக்கே தெரிய வேண்டுமா?" என்று இருந்தது. அந்த அறையைத் தெரிந்து வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர், அங்கே யார் வந்து போனார்கள் என்பதையும் தெரிந்து வைத்திருப்பார். ஒரு கண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு இன்னொரு கண்ணை வேண்டாம் என்று சொல்ல முடியாது. நம் தலைமுறை அதைத்தான் கேட்கிறது என்று நினைக்கிறேன். விழுந்தால் தூக்க ஆள் வேண்டும், ஆனால் விழுந்தது யாருக்கும் தெரியக் கூடாது.

என் கணக்கு இப்போது இதுதான். கவனிக்கட்டும். கவனித்ததை என் வாசலில் வந்து என்னிடம் கேட்கட்டும். என் முதுகுக்குப் பின்னால் பேசுவதற்காகக் கவனிக்கிறவர்களும், மணி அடிப்பதற்காகக் கவனிக்கிறவர்களும் ஒரே தெருவில்தான் இருப்பார்கள், சமயத்தில் ஒரே ஆளாகவும் இருப்பார்கள். சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று எனக்குப் பிடிபட நாளானது. அந்தப் பெரியவர் அடுத்த ஐந்து வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பார், நடுவில் அரசாங்கத்தைத் திட்டுவார். எனக்கு உபகாரம் செய்கிறார் என்றே நினைத்துக்கொண்டு கூச்சத்தில் நெளிந்தேன். ஒருநாள் அவரே சொன்னார், ரிட்டயர் ஆகி ஏழு வருடத்தில் தன்னை எதிர்பார்த்து யாரும் கதவைத் திறந்ததில்லையாம்.

குடிநோயிலிருந்து மீள உலகம் முழுக்கக் கூடுகிற 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தொடங்கியதும் இப்படித்தான். 1935ல் பில் வில்சன் என்பவர் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், வந்த வியாபாரம் கைகூடாமல், ஒரு ஹோட்டலில் தவித்து நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருக்கிறது, மறுபடி கை அரிக்கிறது. தனக்கு உதவி செய்ய ஆள் தேடவில்லை அவர். தான் பேசி உதவக்கூடிய இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று தொலைபேசியில் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். இருவரில் யார் யாருக்கு உதவினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் யாரிடமும் சொல்லாமல் வீம்பாகக் கிடந்தபோது, என்னோடு சேர்த்து இன்னொருவருடைய கதவையும் அடைத்து வைத்திருந்தேன். அப்போது அது புரியவில்லை.

சரி, கால் சரியாகிவிட்டது. மறுபடி நடக்கிறேன். பெரியவர் இப்போது என் எடையைப் பற்றியும் நான் போடும் சட்டையைப் பற்றியும் கேட்காமலே கருத்துச் சொல்கிறார். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

போன வாரம் மூன்று நாள் அவரைக் காணோம். நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போய் மணி அடித்தேன். பேரன் வந்து கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் கத்தினான்: "தாத்தா, கோபமா நடக்கிற அங்கிள் வந்திருக்காரு!"