அடைப்பு இல்லை, கசிவு

சர்க்கரை நோயால் வரும் விழித்திரை வீக்கத்துக்குப் போடும் ஊசி 'ரத்தக்குழாய் அடைப்பை நீக்குகிறது' என்று நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அது சரியில்லை. விழித்திரை ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும்; விழித்திரைக்கு அடியில் உள்ள நிறமி செல் அடுக்கும் அப்படித்தான். ரத்தத்தில் இருப்பதெல்லாம் கண்டபடி உள்ளே புகாமல் தடுக்கும் வேலி இது. சர்க்கரை பல வருடம் ஏறியே கிடந்தால் விஇஜிஎஃப் என்ற புரதம் அதிகமாகச் சுரந்து அந்த ஒட்டுகளைத் தளர்த்திவிடும். நீர் கசியும், நடுப்பார்வை கலங்கும். இதற்குப் போடும் அவாஸ்டின், லூசென்டிஸ் ஊசிகள் எல்லாம் அந்தப் புரதத்தைப் பிடித்து மடக்குபவை. மருந்தின் வேகம் குறைந்ததும் அந்தப் புரதம் மறுபடி வேலையைக் காட்டும். அதனால்தான் ஒரே ஊசியோடு முடிவதில்லை.

என் அம்மாவுக்கு மாதக் காலண்டரின் கட்டங்கள் வளைந்து தெரிந்தன. மூன்றாவது ஊசிக்கு அப்புறம் கோடுகள் நேராயின. சரி, போதும் என்று நாங்களாகவே நிறுத்தினோம். நாலே மாதத்தில் மறுபடி வளைந்தன.

ஸ்டீராய்டு ஊசியும் கசிவைக் குறைக்கும் என்று அதே கட்டுரையில் எழுதியவர், அதனால் கண் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம் என்பதையும் சொல்லியிருக்க வேண்டாமா? அம்மாவுக்கு ஏற்கெனவே கண் அழுத்தம் 22, கொஞ்சம் அதிகம். டாக்டர் அந்தப் பக்கமே போகவில்லை.

அவாஸ்டின் 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது குடல் புற்றுநோய்க்கு. அம்மாவின் மருந்துச் சீட்டில் இருந்த அந்தப் பெயரைக் கூகுளில் தேடிவிட்டு சித்தப்பா பதறியடித்து ஓடிவந்தது தனிக்கதை.