போட்டோ பார்த்து ரேட் சொல்ல முடியாதுங்க

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. காலி ஹால், ஓரத்தில் பெயின்ட் டப்பா, கீழே ஒரு வரி: "1100 சதுர அடி, டைல்ஸ் போட மொத்தம் எவ்வளவு, ஃபைனலா சொல்லுங்க." பதினாறு வருஷமாக இந்த வேலையை எடுத்துச் செய்கிறேன், என் வயிற்றெரிச்சலே இந்தக் கேள்விதான். நேரில் வந்து பார்க்கிறேன் என்றால் "சும்மா தோராயமா சொல்லுங்கண்ணே" என்பார்கள். சொன்னோமோ, செத்தோம். வேலை முடிகிற அன்றைக்கு "நீங்க அன்னைக்கு இதுதானே சொன்னீங்க" என்று அதே எண்ணைக் கொண்டுவந்து சட்டையைப் பிடிப்பார்கள்.

போட்டோவில் தரையின் மட்டம் தெரியுமா?

போன மாதம் மதுரையில் ஒரு வீடு, அதுவும் 1100 சதுர அடிதான். பிளானைப் பார்த்தே கணக்குப் போடச் சொன்னார் வீட்டுக்காரர். முடியாது என்று பிடிவாதமாகப் போனேன். வாசலில் பையன் தண்ணீர் நிரப்பின மட்ட டியூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் மறு முனையோடு சமையலறை மூலைக்குப் போய், தண்ணீர் ஆடி அடங்கின இடத்தில் பென்சில் கோடு போட்டுக் கீழே அளந்தால் 2 இன்ச் இறக்கம்! வீடு முழுக்கச் சராசரியாக 1 இன்ச் கூடுதல் கலவை என்று வைத்தாலும் 92 கன அடி, அதுவும் தட்டி இறுகின பிறகு; உதிரியாக அதைவிட அதிகம் வேண்டும். எம்-சாண்ட் மட்டும் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, தாண்டும், சிமென்ட் 12 மூட்டைக்குக் குறையாது. இதை எந்த போட்டோவில் பார்த்துச் சொல்வது?

அப்புறம் இந்த பெட்டிக் கணக்கு. கடையில் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் கல், 4 கல் ஒரு பெட்டி, 16 சதுர அடி என்று கூசாமல் சொல்கிறார்கள். அந்தக் கல் 600 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டிக்கு 15.5 சதுர அடிதான் வரும். அவர்கள் கணக்கில் 69 பெட்டி, உண்மையில் 71. சுவர் அடியில் பட்டையாக ஒட்டுகிற ஸ்கர்ட்டிங்கை யாருமே எண்ணுவதில்லை. 4 இன்ச் உயரம் என்றால் ஒரு கல்லில் ஆறு துண்டு வரும் என்பார்கள், கல் 23.6 இன்ச், பிளேடு தின்பது வேறு, ஐந்துதான் வரும். 250 அடி ஓட்டத்துக்கு 26 கல், அதற்கே 7 பெட்டி. இதற்கு மேல் வெட்டுக்கும் உடைப்புக்கும் 5 சதவீதமாவது வேண்டும். மொத்தம் 82 பெட்டி என்று எழுதிக் கொடுத்தேன். மாடிக்கு ஏற்றுகிற கூலியையும் தனியாகக் காட்டியிருந்தேன், ஏனென்றால் அதையும் கடைசி நாளில் என் தலையில் கட்டுவார்கள்.

அவர் என் எஸ்டிமேட்டைப் பார்த்து "ரொம்ப அதிகம்" என்று சொல்லிவிட்டு வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் டியூபே பிடிக்கவில்லையாம், போனிலேயே சதுர அடிக்கு பத்து ரூபாய் குறைத்துச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வருவது வேலை போனதற்காக இல்லை. ஒருநாள் முழுக்க அளந்து, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்கிறவன் கொள்ளையடிக்கிறவனாகவும், வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறவன் நல்லவனாகவும் தெரிகிறானே, அதுதான் தாங்கவில்லை.

இந்த வாரம் அந்த வீட்டிலிருந்து போன். "அண்ணே, கல் பத்தலைன்னு திரும்ப வாங்கினோம், கலர் சேர மாட்டேங்குது, ஒரு தடவை வந்து பாருங்க." போனேன். பேட்ச் நம்பர் வேறு, அதாவது வேறொரு தடவை தயாரித்த கல். ஹாலில் பாதி வெள்ளை, ஜன்னல் பக்கம் லேசாக மஞ்சள், நடுவில் கோடு போட்ட மாதிரி. அந்தம்மா அந்தக் கோட்டின் மேல் மிதியடியை இழுத்துப் போட்டு மறைத்துக்கொண்டிருந்தார்.