17 சதவீதம் என்பது உடல் கொழுப்பின் குறைவு அன்று
கிரீன் டீ அருந்திவிட்டு உடற்பயிற்சி செய்தால் உடல் கொழுப்பு 17 சதவீதம் கூடுதலாகக் குறையும் என்று சொல்லப்படுவது தவறான புரிதலாகும். 2008இல் வெளியான பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வில், தேநீரை அன்று, அதன் சாறு அடங்கிய காப்ஸ்யூலை உட்கொண்ட 12 ஆண்கள் அரைமணி நேரம் சைக்கிள் மிதித்தபோது, கொழுப்பு எரிந்த வேகம் நிமிடத்துக்கு 0.41 கிராமாகவும், வெற்றுக் காப்ஸ்யூல் உட்கொண்டபோது 0.35 கிராமாகவும் இருந்தது. இந்த வேறுபாடுதான் அந்த 17 சதவீதம்; அரைமணிக்குக் கணக்கிட்டால் இது 2 கிராமைக்கூட எட்டவில்லை. மேலும், பயிற்சியின்போது எரியும் கொழுப்பு வேறு, மாதக்கணக்கில் உடலிலிருந்து குறையும் கொழுப்பு வேறு. கிரீன் டீ சாறு மாத்திரை வாங்க எண்ணுவோர் தயவுசெய்து கவனிக்கவும்: நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இஜிசிஜி (கிரீன் டீயில் உள்ள ஒரு வேதிப்பொருள்) மாத்திரையாக உட்கொள்வது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்துள்ளது.